கடனும் குறைய வேண்டும், கைக்கு வேலையும் வேண்டும்: மதுரையிலிருந்து ஒரு கேள்வி

புதூர்ப் பட்டறை | திங்கள், இரவு 9.10

கே.புதூர் தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கடைசல் வேலை, பம்ப் உதிரிபாகம், அவ்வப்போது பொதுப்பணிக்கு வேண்டிய இரும்பு வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுதான் சோறு போடுகிறது.

இன்று காலை டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நாடு கடனில் மூழ்குகிறது. எல்லாச் செலவையும் நிறுத்தினால்தான் விடிவு" என்றார். பெஞ்சில் இருந்த நான்கு பேரும் ஆமாம் போட்டார்கள். எனக்குத் தலையாட்ட மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய் மடைக்கு, அதன் பலகையை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டு செய்து கொடுத்தேன். ஆறடி நீளம், இரண்டு அங்குலக் கனம், சதுர மரை. ஒப்பந்ததாரர் வழியாக வந்த வேலை. நான்கு நாளில் முடித்து ஏற்றி அனுப்பினேன். பணம் வர பதினான்கு மாதம் ஆயிற்று. கேட்கும்போதெல்லாம் "பில் இன்னும் தேறவில்லை" என்பார் ஒப்பந்ததாரர். அவரும் பொய் சொல்லவில்லை, அவருக்கும் வரவில்லை. இரும்புக் கடைக்கு நான் கையோடு ரொக்கம் கொடுத்தவன். வங்கியில் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வட்டி ஓடியது. அதே ஆண்டில் இன்னும் மூன்று வேலைக்கும் இதே கதை. கடைசியில் பட்டறையில் இருந்த இரண்டு பையன்களை அனுப்பிவிட்டேன். ஒருவன் திருப்பூர் போனான். இன்னொருவன் நல்ல கைக்காரன், அளவுகோலை வைக்காமலே நூல் கணக்கில் சொல்வான். இப்போது இரு சக்கர வண்டியில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறான்.

அரசு எனக்குத் தர வேண்டிய அந்தப் பணம், அந்தப் பதினான்கு மாதமும் எந்தக் கடன் கணக்கில் எழுதப்பட்டிருந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் | திங்கள், இரவு 10.25

தம்பி, எந்தக் கணக்கிலும் இல்லை. முப்பத்தொரு ஆண்டு அரசுக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையில் எழுதப்படுவது. பணம் வெளியே போகும் நாளில்தான் அது செலவு. வேலை முடிந்து, அளந்து, பில் மேசையில் கிடந்தாலும் அது கடனாகத் தெரியாது. மார்ச் 31 தாண்டிவிட்டால் அந்த ஆண்டின் பற்றாக்குறை அவ்வளவு குறைவாகத் தெரியும். நீங்கள் கட்டிய வட்டி, அரசு கட்டியிருக்க வேண்டிய வட்டி. உங்களுக்கு அதிக விகிதம், அரசுக்குக் குறைந்த விகிதம். ஆக, நாட்டுக்கு மொத்தத்தில் நஷ்டம்தான்.

நீங்கள் டீக்கடையில் கேட்ட பேச்சுக்கும் வருகிறேன். கடனை ரூபாயில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 11.21 லட்சம் கோடி. புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதற்கு வட்டி அதிகம். பயப்பட வேண்டிய எண்தான், நான் மறுக்கவில்லை.

ஆனால் கடன் குறைகிறதா என்பதை வருமானத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாட்டின் உற்பத்தி 100 ரூபாய், மத்திய அரசின் கடன் 57 ரூபாய் என்று வையுங்கள். அடுத்த ஆண்டு அரசு இன்னும் நாலரை ரூபாய் கடன் வாங்குகிறது. கடன் 61.50. அதே ஆண்டில் விலைவாசியும் சேர்ந்து உற்பத்தி 110 ஆகிறது. இப்போது விகிதம் என்ன? 56க்குக் கீழே. ஒரு ரூபாய்கூட அடைக்கவில்லை, கடன் கூடியிருக்கிறது, பாரம் குறைந்திருக்கிறது. 2031 மார்ச்சுக்குள் 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசு வைத்திருக்கும் இலக்கும் இந்த வழியில்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசின் கடன் அந்நாட்டு உற்பத்தியைவிடப் பெரிது. 1970களின் நடுவில் அது கால் பங்குக்கும் கீழே வந்தது. மொத்தக் கடனை அடைத்துத் தீர்த்ததால் அல்ல. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கிடைத்தது, உற்பத்தி வளர்ந்தது, கொஞ்சம் விலைவாசியும் ஏறியது. அந்த 110ஐ உருவாக்குபவர்கள் உங்கள் பட்டறைப் பையன்கள்தான். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடனைக் குறைக்க முடியாது.

தெப்பக்குளம் மாணவன் | செவ்வாய், காலை 6.50

ஐயா, உங்கள் கணக்கு புரிகிறது. ஆனால் வளர்ச்சி பத்து சதவீதம் வரும் என்று யார் உறுதி கொடுத்தார்கள்? நான் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். 1991ஐப் பாடத்தில் மனப்பாடம் செய்தவன். அந்நியச் செலாவணி தீரும் நிலைக்கு வந்து, 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிக் கடன் வாங்கிய நாடு இது. ஒரு குடும்பம் தாலிக்கொடியை அடகுக் கடைக்குக் கொண்டு போவது போன்ற நிலை. அப்போதும் வளர்ச்சி வரும் என்று நம்பித்தான் வாங்கியிருப்பார்கள்.

2021 ஆகஸ்டில் நம் மதுரை மத்திய தொகுதியின் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதியமைச்சராக, தமிழக அரசின் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றார். என் அம்மா அந்த எண்ணைக் கேட்டு, "நம் வீட்டு நகைக்கடனையும் சேர்த்தா?" என்று கேட்டார். அதன் பிறகு கடன் இறங்கவில்லை. 2026 மார்ச்சில் மாநிலக் கடன் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்று 2025-26 வரவு செலவுத் திட்டமே மதிப்பிட்டது. எனக்கு 24 வயது. இதைக் கட்டப்போவது என் வயதுக்காரர்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கர் | செவ்வாய், காலை 8.15

உன் கோபம் நியாயமானது தம்பி. நீ சொன்ன 9.29 லட்சம் கோடி, மாநில உற்பத்தியில் 26 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். அதைவிட என்னை உறுத்துவது அதே ஆவணத்தில் இருக்கும் வருவாய்ப் பற்றாக்குறை. நாற்பதாயிரம் கோடிக்கு மேல். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்ற அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் கடன் வாங்குகிறோம் என்று பொருள். வீடு கட்ட வாங்கும் கடன் வேறு, மளிகைக்கு வாங்கும் கடன் வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் டீக்கடையில் பேச்சு குழம்புகிறது.

ஓய்வூதியத்தில் வாழ்கிறவன் நான், அந்தச் செலவில் நானும் ஒரு பங்கு. அதனால் இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. நிதி நெருக்கடி வந்தால் அரசு எதை வெட்டும்? வட்டியை வெட்ட முடியாது. என் ஓய்வூதியத்தையும் வெட்ட முடியாது. எதிர்த்துப் பேச ஆளில்லாத தலைப்புகள் இரண்டுதான்: புதிய கட்டுமானம், பழையதன் பராமரிப்பு. மேலூர் மடைத் தண்டு அந்த இரண்டாவதில் வருகிறது. வேலை கொடுக்கும் செலவுகளும் இவைதான். கடனைக் குறைக்கிறோம் என்று கிளம்பினால் முதல் வெட்டு விழுவது பட்டறைப் பையன் கழுத்தில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாய், உற்பத்தியின் விகிதமாகப் பார்த்தால் பல ஆண்டுகளாகச் சரிந்து வந்ததை அந்த வெள்ளை அறிக்கையே காட்டியது. வர வேண்டியது வராமல் போனதும் கடனாகத்தான் நிற்கிறது. அதைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை, பேசுகிறவருக்கே சொத்து வரி பாக்கி இருக்கலாம்.

மேலூர் ஒருபோகம் | செவ்வாய், பகல் 1.40

புதூர் அண்ணே, நீங்கள் செய்த தண்டு எங்கள் கண்மாய்க்கு வந்ததுதானா என்று தெரியவில்லை. எங்கள் கண்மாயில் இரண்டு மடை. ஒன்றுக்குப் புதுத் தண்டு வந்தது, இன்றும் ஒரு கைப்பிடிக்குச் சுற்றுகிறது. மற்றதற்கு வரவில்லை, "அடுத்த ஆண்டு நிதியில்" என்றார்கள். அந்த மடையின் பலகை பாதியில் சிக்கி நிற்கிறது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. தண்ணீர் வரும் காலத்தில் எங்கள் ஊர் நீர்பாய்ச்சி வைக்கோலையும் கிழிந்த சாக்கையும் மண்ணோடு பிசைந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று அடைக்கிறார். அறுபத்தெட்டு வயது அவருக்கு. இரவில் அடைப்பு பிடுங்கிக்கொண்டால் விடிவதற்குள் ஒரு சுற்றுக்குரிய தண்ணீர் ஓடிப்போகும். கடைமடையில் இருக்கிற எங்கள் வயலுக்கு, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் குறையும். அந்த ஒரு தண்ணீர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று விவசாயம் செய்தவர்களுக்குத் தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் வரும் பெண்களுக்கு எத்தனை நாள் கூலி என்றும் தெரியும்.

கடன் கடன் என்கிறீர்கள். எங்கள் மண்ணுக்குத் தண்ணீர் வந்த கதையையும் சேர்த்துப் பேசுங்கள். மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாமா என்று 1808இலேயே பார்த்துவிட்டு, நடவாது என்று மூட்டை கட்டினார்கள். 1876 முதல் 78 வரை பஞ்சத்தில் இந்தச் சீமையே காலியானது. அதன் பிறகுதான் மனம் வந்தது. 1887இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் பெரியாற்று அணை வேலையைத் தொடங்கினார், வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை மறுபடி கட்டி, 1895இல் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் வந்தது. என் தாத்தாவின் அப்பா காலத்துச் செலவு. இன்றைக்கு நான் நாற்றுப் பாவுவது அந்தச் செலவில்தான். அன்று "கருவூலம் தாங்காது" என்று விட்டிருந்தால் மேலூர் இன்னும் பனங்காடு.

ஓய்வுபெற்ற கணக்கர் | செவ்வாய், மாலை 4.05

மேலூர் அம்மா சொன்னதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பெரிய பாசன வேலைக்குக் கடன் நிதியிலிருந்து பணம் ஒதுக்குமுன், வரப்போகும் தண்ணீர்த் தீர்வை அந்தக் கடனின் வட்டியைக் கட்டுமா என்று பார்ப்பார்கள். கடுமையான சோதனை. பஞ்சத்தில் போகும் உயிரை அந்தக் கணக்கு எண்ணாது, அது பெரிய குறை. ஆனாலும், எதற்கு வாங்குகிறோம், எது திருப்பிக் கட்டும் என்ற கேள்வியாவது இருந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு அருகில் வருவது, 2020-21 முதல் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன். மூலதன வேலைக்கு மட்டுமே செலவிடலாம். 2025-26க்கு எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து 1.5 லட்சம் கோடி. எனக்குப் பிடித்த ஏற்பாடு. பாலம் 50 ஆண்டு நிற்கும், கடனும் 50 ஆண்டு. கடன் முடியும்வரை பாலமும் பயன் தரும். தெப்பக்குளம் தம்பி, உன்னிடம் கேட்காமல் வாங்கிய கடனில் எது நியாயம் என்று கேட்டால் இதைச் சொல்வேன். உன் பேரன் நடக்கும் பாலத்துக்கு நீ கட்டலாம். போன மாதம் நான் வாங்கிய ஓய்வூதியத்துக்கு உன் பேரன் கட்டக் கூடாது.

வாடிப்பட்டியிலிருந்து வளைகுடா | செவ்வாய், இரவு 11.30

பதினோரு ஆண்டாக வெளிநாட்டில் குளிரூட்டி இயந்திரம் பழுது பார்க்கிறேன். அனுப்பிய பணத்தில் தங்கைக்குத் திருமணம், வீடு, பிறகு ஒத்தக்கடையில் ஒரு மனை, திருமங்கலம் சாலையில் ஒரு மனை. இரண்டிலும் வேலிக்கருவை வளர்ந்து நிற்கிறது. என்னுடன் அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் இப்படி மனை இருக்கிறது. அந்த மனைகள் யாருக்கும் ஒரு நாள் வேலைகூடக் கொடுத்ததில்லை. வருத்தத்தோடு எழுதுகிறேன். என் உழைப்பு ஊரில் ஒரு பட்டறையாக மாறியிருக்கலாம், கருவை மரமாக நிற்கிறது.

ஏன் மனை வாங்கினோம்? வேறு எதில் போடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் அண்ணன் ஏலச்சீட்டில் போட்டு இழந்தார். அரசுக் கடன் பத்திரத்தைத் தனி ஆள் நேரடியாக வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் வழி திறந்தது, பத்தாயிரம் ரூபாயிலிருந்தே வாங்கலாம் என்பது எனக்குத் தெரிய மூன்று ஆண்டு ஆயிற்று. ஆனால் அதில் போட்டால் என் பணம் எங்கே போகிறது என்று தெரியாது. மதுரையில் ஒரு சாலைக்கு, ஒரு குடிநீர்த் திட்டத்துக்கு என்று பெயர் சொல்லிக் கேட்டால் நான் இருபது ஆண்டுக்குப் போடத் தயார். அப்படி ஒன்று முடியுமா?

ஓய்வுபெற்ற கணக்கர் | புதன், காலை 7.20

நடந்திருக்கிறது தம்பி, அதுவும் மதுரையிலேயே. நீங்கள் விமான நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் வழியில் ஏறும் உள்வட்டச் சாலை. அந்தச் சாலைக்கு வாங்கிய கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள, மதுரை மாநகராட்சி 2001இல் கடன் பத்திரம் வெளியிட்டது. மாநில அரசு உத்தரவாதம் இல்லை. சாலையில் வசூலாகும் சுங்கம்தான் பிணை. இந்தியாவில் மாநகராட்சிப் பத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் மதுரையைக் குறிப்பிடுகிறார்கள், மதுரைக்காரர்கள் மறந்துவிட்டோம். உங்களைப் போன்ற தனி ஆட்களுக்காக அன்று வெளியிடவில்லை என்பது உண்மை. அடுத்த முறை வெளியிட்டால் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்பது நம் வேலை.

சிம்மக்கல் ஆசிரியை | புதன், மாலை 5.45

எல்லாரும் பாலம், சாலை, அணை என்றே பேசுகிறீர்கள். கணக்கர் ஐயா "மளிகைக் கடன்" என்று ஒதுக்கிய பக்கத்தில்தான் என் வகுப்பறை இருக்கிறது.

2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் எங்கள் பகுதி ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அதற்கு முன் என் வகுப்பில் காலை இரண்டாவது பாடவேளையில் மேசைமேல் தலை வைத்துப் படுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா பூ மார்க்கெட்டுக்கு விடிகாலை மூன்று மணிக்குப் போய்விடுவார், வீட்டில் அடுப்பு எரியாது. இப்போது அந்தப் பிள்ளைகள் ரவா கிச்சடி சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்கிறார்கள். இந்தச் செலவு அரசு ஏட்டில் "வருவாய்ச் செலவு". பக்கத்தில் கட்டிய சுற்றுச்சுவர் "மூலதனச் செலவு". சுவர் நாளை இடியலாம். அந்தப் பிள்ளை நாற்பது ஆண்டு உழைக்கப்போகிறது, வரி கட்டப்போகிறது. எது நீண்டகால முதலீடு? ஏட்டில் எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மன்றாடிக் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் | புதன், இரவு 8.30

அம்மா, என் சொல்லைத் திருத்திக்கொள்கிறேன். நான் சொன்ன பிரிவு முழுமையானதல்ல. ஆசிரியர் சம்பளம், மருத்துவமனை மருந்து, பிள்ளையின் காலை உணவு, எல்லாம் வருவாய்ச் செலவில்தான் வரும். மடை பராமரிப்பும் அதிலேயே வரும்! இவற்றைக் கடன் வாங்காமல் சொந்த வருமானத்தில் நடத்த வேண்டும் என்பதே என் வாதம். நடத்தவே கூடாது என்பதல்ல. அதற்கு வரியை ஒழுங்காக வாங்க வேண்டும், என்னைப் போன்றவர்களும் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

தெப்பக்குளம் மாணவன் | புதன், இரவு 9.55

ஆசிரியை அம்மா சொன்னது எனக்கும் சரியென்று படுகிறது. ஆனால் தாமதத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பெரும்பகுதி ஜப்பான் அரசு நிறுவனம் ஒன்றின் கடனில் கட்டுவது. 1,264 கோடியில் தொடங்கிய மதிப்பு 1,977 கோடிக்கு ஏறியது. 2022இல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது வகுப்பு ராமநாதபுரத்தில் நடந்தது. அந்தக் கட்டடம் நேரத்துக்கு எழுந்திருந்தால் எத்தனை கொத்தனார், எத்தனை செவிலியர், எத்தனை கடைகள்! என் அக்கா செவிலியர் படிப்பை முடித்துவிட்டு அந்த அடிக்கல்லை நம்பி இரண்டு ஆண்டு ஊரிலேயே காத்திருந்தார். இப்போது பெங்களூரில் இருக்கிறார். கடன் வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. வாங்குவதாகச் சொல்லிவிட்டுத் தூங்குவதைச் சொல்கிறேன்.

இலங்கையையும் மறந்துவிடாதீர்கள். 2019 இறுதியில் வரியைக் குறைத்தார்கள், மத்தளையில் ஏறக்குறைய விமானமே வராத விமான நிலையம் கட்டி வைத்திருந்தார்கள், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அறிவித்தார்கள். ராமேசுவரத்தில் படகில் வந்து இறங்கிய குடும்பங்களை நான் பார்த்தேன்.

வாடிப்பட்டியிலிருந்து வளைகுடா | வியாழன், அதிகாலை 1.15

தம்பி, என்னுடன் வேலை செய்யும் இரண்டு பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்த ஆண்டு அவர்கள் வீட்டில் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றதை இரவெல்லாம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் கடனில் பெரிய பங்கு டாலர் போன்ற வெளிநாட்டுப் பணத்தில் இருந்தது, டாலரை அவர்களால் அச்சடிக்க முடியாது. இந்திய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாயில், நம் வங்கியும் காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் கொடுத்தது. அதனால் நாளைக்கே மூழ்க மாட்டோம். ஆனால் விமானம் வராத விமான நிலையத்தைக் கட்டினால் எந்தப் பணத்தில் கட்டினாலும் நஷ்டம்தான், அதில் உன் பக்கம் நிற்கிறேன்.

புதூர்ப் பட்டறை | வியாழன், இரவு 9.00

மூன்று நாளாக ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். கணக்கர் ஐயாவுக்கு நன்றி. கிரேக்க நாட்டைப் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். கடனைக் குறைக்க 2010 முதல் எல்லாவற்றையும் வெட்டினார்கள். உற்பத்தி கால் பங்கு சுருங்கியது, நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு வேலையில்லை, கடன் விகிதம் இறங்காமல் ஏறியது. ஐயா சொன்ன 57க்கு 100 கணக்கில், கீழே இருக்கும் 100ஐ 75 ஆக்கிவிட்டார்கள். டீக்கடையில் பேசியவரிடம் நாளை இதைச் சொல்வேன்.

நான் கேட்பது பெரிதல்ல. முடித்த வேலைக்கு 45 நாளில் பணம். சிறு தொழிலுக்கு அந்தக் கெடுவை 2006ஆம் ஆண்டுச் சட்டமே கொடுத்திருக்கிறது, தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் உண்டு. யாரும் கேட்பதில்லை, கேட்டால் அடுத்த வேலை வராது. பணம் நேரத்துக்கு வரும் என்று தெரிந்தால் நான் அந்த நல்ல கைக்காரப் பையனை நாளைக்கே கூப்பிடுவேன். பத்து லட்ச ரூபாயில் ஒரு இயந்திரம் வாங்க நினைத்து அதன் விலைப்பட்டியலை மூன்று ஆண்டாக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஏழு ஆண்டுத் தவணை. ஏழு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட, அடுத்த ஏழு மாதமாவது தெரிய வேண்டாமா?

மேலூர் தங்கச்சி, உங்கள் இரண்டாவது மடைக்கு எவரும் நிதி ஒதுக்கும்வரை அந்தப் பெரியவர் தண்ணீரில் நிற்க வேண்டாம். இரும்பு விலையை மட்டும் ஊரில் வசூலித்துக் கொடுங்கள், கூலி வேண்டாம்.

மேலூர் ஒருபோகம் | வெள்ளி, காலை 6.10

அண்ணே, கூலி வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இரண்டு பையன்களை அனுப்பியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆயக்கட்டுக்காரர்கள் நேற்று மந்தையில் பேசினோம், ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டுக்கொள்கிறோம், கூலியும் சேர்த்து. ஆனால் மடை அரசுடையது. துறைப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் மாட்டுவோம், செலவையும் அந்தக் கடிதத்திலேயே எழுதி வைப்போம். பிறகு நிதி வந்தால் திருப்பிக் கேட்போம். பலகைக்கும் தண்டுக்கும் அளவு எடுக்க எப்போது வருகிறீர்கள்?

புதூர்ப் பட்டறை | வெள்ளி, காலை 6.40

ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வந்துவிடுகிறேன். அந்தப் பையனையும் கேட்டேன், வருகிறேன் என்றான். பழைய தண்டு துருப்பிடித்திருந்தாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மரை எப்படி என்று பார்க்க வேண்டும்.